வழுக்காத தரை

"செருப்பைக் கழத்திட்டு ஏறி நில்லுங்க சார், நின்னு பாத்தாத்தான் தெரியும்" என்று டைல்ஸ் கடை விற்பனையாளர் ஜெபசிங் சொன்னார். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை நம்பிராஜன் விட்டுவிட்டான். செருப்பைக் கழற்றுவதும், இரண்டடிக்கு இரண்டடி சதுரத்தின் மேல் ஏறி நிற்பதும், உள்ளங்காலுக்கு ஏதாவது தெரிகிறதா என்று யோசிப்பதும், ஒன்றும் தெரியவில்லை என்று இறங்கி மறுபடி செருப்பைத் தேடுவதுமாகவே ஞாயிற்றுக்கிழமை போய்க்கொண்டிருந்தது. நிற்கிறவனுக்குத் தரையைப் பற்றி என்ன தெரியும். பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாக விசில் ஊதுகிற டிரில் வாத்தியார் அவன். நிற்கிற பிள்ளை விழுவதில்லை, நேராக ஓடுகிற பிள்ளையும் பெரும்பாலும் விழுவதில்லை, ஓடிக்கொண்டே திரும்புகிற பிள்ளைதான் விழும், அதை அவன் மைதானத்தில் நாளைக்கு இருபது தடவை பார்க்கிறான். இங்கே ஓடித் திரும்பிப் பார்க்க முடியுமா. முப்பத்தாறு வயது ஆள் டைல்ஸ் கடையில் ஓடிக் காட்டினால் என்ன நினைப்பார்கள். புதன்கிழமை காலையில் கொத்தனார் வருகிறார். செவ்வாய் சாயங்காலமே வண்டி புது வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஆவணி பத்தாம் தேதி பால்காய்ப்பு என்று பத்திரிகை அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. அடுப்படிக்கு, படுக்கையறைக்கு, குளியலறைக்கு எல்லாம் முதல் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தாயிற்று. ஹால்தான் பாக்கி. பதினாறுக்குப் பன்னிரண்டு. கொத்தனார்கூடக் கேட்டார், எல்லா ரூம்லயும் தரைதானே சார், ஹால்ல மட்டும் அப்படி என்ன என்று. ஹாலில்தான் என் பிள்ளை விழுந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அது பழைய வாடகை வீட்டு ஹால் சார், இது வேற ஹால் என்று அவர் சொல்லியிருப்பார். சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

கடையின் முன்பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பத்து மாதத்துச் சின்னவன் குமரன் அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதும் அவள் திரும்ப மாட்டிக்கொள்வதுமாக இருந்தார்கள். அம்மாவுக்குத் தேர்வு என்பது நுழைந்த நிமிஷமே முடிந்துபோனது. வாசலிலேயே பால் உறைந்த மாதிரி ஒரு வெள்ளை விரித்து வைத்திருந்தார்கள், அதில் நடந்தால் நடக்கிறவனைத் தலைகீழாகக் காட்டியது. "எலே நம்பி, இதப் போடு. திசையன்விளையில உன் தங்கச்சி வீட்டுல இதான் கெடக்கு. குனிஞ்சா நெத்தியில பொட்டு கோணலா இருக்கான்னு தெரியுது." "பொட்டுப் பாக்கக் கண்ணாடி இருக்குல்லாம்மா." "வர்றவங்க எதப் பாப்பாக? ஹாலத்தான் பாப்பாக. உன் அடுப்படியையா வந்து பாக்கப் போறாக?" "பிள்ளைங்க ஓடும்மா." "ஓடத்தான் செய்யும். ஓடாம ஒக்காந்திருக்க அது என்ன மண்ணுல பிடிச்சு வச்சதா? நீ ஓடலியா, நீ விழலியா? அந்த மொழங்கால்ல கெடக்கே தழும்பு, அது யாரு போட்ட கோலம்?" பக்கத்தில் குளியலறைக் குழாய் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஜெபசிங்கும் சிரித்துவிட்டு, சிரித்ததற்குச் சமாதானமாக, "அம்மா கை வச்சது நல்ல அயிட்டம் சார், ஆனா உங்க மனசுக்குப் பிடிக்கணும்லா" என்றார். மனசுக்குப் பிடிக்க வேண்டும். இது மனசு சம்பந்தப்பட்டதே இல்லை, கால் சம்பந்தப்பட்டது, ஐந்தரை வயதுப் பிள்ளையின் கால், இனித் தவழ்ந்து எழுந்து தத்தக்கா பித்தக்கா என்று நடக்கப்போகிற பத்து மாதப் பிள்ளையின் கால் என்று சொல்ல வாய்வரை வந்தது. அம்மா குமரனிடம், "ஒங்கப்பனுக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கையிலகூட இவ்வளவு நேரம் ஆகலடா" என்றாள். குமரன் கண்ணாடியை மறுபடி பிடுங்கினான்.

அவன் மனைவி வடிவுதான் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அதுதான் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. அம்மா பேசுவாள், அம்மாவோடு சண்டை பிடிக்கலாம். பேசாதவளோடு என்ன பண்ணுவது. "உனக்கு எது பிடிச்சிருக்கு?" "நீங்களே பாருங்க." "நீயுந்தானே அங்க இருக்கப் போற." "தரையைப் பத்தி எங்கிட்டயா கேக்கிய? என் லெச்சணந்தான் ஊருக்கே தெரியுமே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அப்படித்தான் சொல்வாள், ஊசியை நூலோடு சேர்த்துக் கோத்துக் கொடுக்கிற மாதிரி. கல்யாணமான புதிதில் அவனுடைய சட்டைத் துணியைக்கூட அவள்தான் கையால் கசக்கிப் பார்த்து எடுப்பாள். சாயம் போகும், இது போகாது என்று கடைக்காரனோடு மல்லுக்கு நிற்பாள். இப்போது ஒவ்வொரு சதுரத்தையும் கால் கட்டைவிரலால் லேசாகத் தடவிப் பார்ப்பதும், யாராவது கவனித்தால் காலை இழுத்துக்கொள்வதுமாக இருக்கிறாள். எல்லாம் அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம். மூன்று வருஷம் ஆகிறது. வடிவு ஹாலைத் துடைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்தாள். இரண்டரை வயது அபிநயா உள்ளறையிலிருந்து ஓடி வந்தவள், வழுக்கி, பின்மண்டை மொசைக் தரையில் மோத விழுந்தாள். விழுந்த இடத்திலேயே கையும் காலும் வெட்டி இழுத்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி, ஸ்கேன், அதன்பிறகு இரண்டே முக்கால் வருஷமாகக் காலையிலும் ராத்திரியிலும் வலிப்புக்குச் சிவப்பு மருந்து. போன சித்திரையில்தான் நிறுத்தினார்கள். "நல்லாத்தான் இருக்கா. தலையில இன்னொரு அடி மட்டும் படாமப் பாத்துக்கோங்க" என்றார் டாக்டர், மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கோங்க என்கிற குரலில். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஈரத்தை விட்டுவிட்டு மாடிக்குப் போனவள் வடிவு. அம்மா அதை முதலில் சொன்னாள், பிறகு அம்மா சொன்னதைச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்த ஒவ்வொருவரும் போகும்போது வடிவின் தோளைத் தட்டி, "இனிமே காஞ்சப்புறம் எந்திரிச்சுப் போ தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவள் தரையைத் துடைத்தபின் முட்டி போட்டுக்கொண்டு அவனுடைய பழைய வேட்டியால் மறுபடி ஒற்றி எடுப்பாள், மூலைக்கு மூலை, கட்டில் காலைச் சுற்றி, கதவு இடுக்கில். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அவனால் பேப்பர் படிக்க முடியாது. "எத்தனை தடவதான் துடைப்ப, தோலு உரியப் போகுது" என்று ஒருநாள் கத்தினான். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டாள். கத்துவதற்கு அவனுக்கு என்ன யோக்கியதை. அந்த இடத்துக்கு வந்தால் மனசு செருப்பில் முள் குத்திய மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஊன்றாது, வேறு பக்கம் திரும்பிவிடும். டைல்ஸ். ஹாலுக்கு டைல்ஸ் பார்க்க வேண்டும்.

சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டால் என்ன. இப்போது யார் சார் போடுறா, போடத் தெரிஞ்ச ஆளும் இல்ல, நாலு வருஷத்துல வெடிச்சிரும். கடப்பாக்கல்? ஹால்ல போட்டா மாவாட்டுற இடம் மாதிரி இருக்கும் சார். கிரானைட்? அது கறுப்புக் கண்ணாடி. மார்பிள்? மஞ்சள் சிந்தினால் போகாது. தேக்கு மரம் மாதிரியே ஒன்று இருந்தது, கோடு கோடாக, முடிச்சு முடிச்சாக. தட்டிப் பார்த்தால் மரம் இல்லை, மரத்தின் படம். கீழே விரிக்கிற ரப்பர் விரிப்பு ஒன்றும் இருக்கிறதாம், சுருட்டி எடுத்து வந்து விரித்தால் அதுவே தரையாம். பிள்ளை விழுந்தால் அடிபடாது என்று அவன் அதில் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு குமரன் அதைப் பிய்த்துத் தின்பான் என்று தோன்றியது, இறங்கிவிட்டான். ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர். ஜெபசிங் அதையெல்லாம் தன் மச்சினன் பெயரைச் சொல்வது மாதிரி சொன்னார். நல்ல மனுஷன், நாற்பத்தைந்து வயதிருக்கும், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. இரண்டு தடவை டீ வரவழைத்துக் கொடுத்தார், இரண்டாவது டீயில் சர்க்கரை குறைந்திருந்தது, பொறுமையும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். "சார், நீங்க என்ன தேடுதிய, அதச் சொல்லிட்டியன்னா நான் நேரா அங்க கூட்டிட்டுப் போயிருவேன்." என்ன தேடுகிறேன். விழ வைக்காத தரை. அப்படி ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பெயர் இருக்குமே. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பேனே. அதே நேரம் வாசல் பக்கத்து வெள்ளையில் சத்தம் கேட்டது, டப், டப், டப். அபி ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டிருந்தாள், சதுரத்துக்குச் சதுரம், கோட்டை மிதிக்காமல், நாக்கைக் கடித்துக்கொண்டு. கடைசிக் கட்டத்தில் திரும்ப வேண்டும். திரும்பப் போகிறாள். "அபீ!" மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிற குரல் கடைக்குள் அவனையறியாமல் வந்துவிட்டது. குழாய் பார்த்த குடும்பம் நின்றது, மாடியில் எவனோ பெட்டியைக் கீழே போட்டான், அபி ஒற்றைக் காலைத் தூக்கியபடியே அசையாமல் நின்றாள். பிறகு உதடு பிதுங்கியது. வடிவு ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள், ஐந்தரை வயதுப் பிள்ளையை, தூக்கவே முடியாத கனத்தை. "என்னலே இப்படிக் கத்துத, கொள்ளை போன மாதிரி" என்றாள் அம்மா. "சும்மா நிக்கிற பிள்ளைய நீயே விழத்தாட்டிருவ போலிருக்கே."

நீயே விழத்தாட்டிருவ. அம்மா போகிற போக்கில் சொன்னதுதான். ஆனால் அவன் காதுக்குள் சுடச்சுட இறங்கியது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் அவன் விடாமல் செய்வது. வெயிலில் நின்று வேலை பார்க்கிற உடம்பு, எண்ணெய் தேய்க்காவிட்டால் கண் எரியும். அன்றைக்கும் கொல்லைப்புறத்தில் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தேய்த்து, துண்டைக் கட்டிக்கொண்டு ஊறவிட்டிருந்தான். அரை மணி நேரம் ஊற வேண்டும். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கிரிக்கெட். கடைசி ஐந்து ஓவர். கூட்டத்தின் சத்தம் கொல்லைவரை கேட்டது. எண்ணெய் உடம்போடு வீட்டுக்குள் வந்தால் அம்மா திட்டுவாள் என்று பத்து வயதிலிருந்து தெரியும். அம்மா அடுப்படியில் எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். வடிவு துடைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். தரையில் ஈரம்கூட இல்லை, ஆடி மாசக் காற்று, துடைக்கத் துடைக்கக் காய்ந்துவிடும். அதை அவன் உள்ளங்கால் சொல்லும், காய்ந்த தரையில்தான் அவன் நடந்தான். ஒரே ஒரு ஓவர் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றான். இரண்டு ஓவர் ஆனது. முழங்கையிலிருந்து, கெண்டைக்காலிலிருந்து, சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்க வேண்டும், அவன் கண் டிவியில் இருந்தது. விக்கெட் விழுந்ததும் சீ என்று திரும்பிக் குளியலறைக்குப் போய்விட்டான். தலையில் சீயக்காயை அப்பிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சத்தம். தேங்காய் விழுந்த மாதிரி. பிறகு அம்மாவின் கூச்சல். சீயக்காய்த் தலையோடுதான் அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான், ஆஸ்பத்திரியில் நர்ஸ், "தலையில என்ன சார், மண்ணா?" என்று கேட்டாள். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள், ஈரத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள் மகராசி என்று. யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா. மறுநாள் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது பூட்டிய ஹாலில் வெயில் சாய்வாக விழுந்து கிடந்தது. தரையில் அவன் கால்தடங்கள். எண்ணெயில் ஒரு ராத்திரித் தூசி ஒட்டி, குதிகால், பாதத்தின் ஓரம், ஐந்து விரல், எண்ணி எடுத்த மாதிரி, டிவிக்கு முன்னால் ஒரு ஜோடி நன்றாக அழுத்தமாக. அதற்குப் பக்கத்தில் ஒன்று இழுபட்டு நீண்டிருந்தது, சின்னக் குதிகால் அகலத்துக்கு. அவன் கொல்லையில் மிச்சமிருந்த சீயக்காய்ப் பொடியைக் கொண்டுவந்து தூவி, பேப்பரை வைத்துத் தேய்த்தான். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காயை விட்டால் வேறென்ன. நன்றாகத் தேய்த்தான். துணிப்பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது வடிவு கேட்டாள், "வீட்ல தரை இன்னும் ஈரமாவா கெடக்கு?" பைத்தியம், ஒரு நாள் கழித்து எப்படி ஈரம் இருக்கும். இல்லை என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான். அதற்குப்பின் சொல்ல வேண்டிய நாள் ஒவ்வொன்றும் முந்தின நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. பிள்ளை வீடு திரும்பட்டும், பிறகு சொல்லலாம். வடிவு உண்டாகியிருக்கிறாள், இப்போது எதற்கு. குமரன் பிறக்கட்டும். மருந்து நிற்கட்டும். வீடு கட்டி முடியட்டும்.

"தங்கச்சி, நீங்க வாங்க இங்க" என்று ஜெபசிங் வடிவைக் கூப்பிட்டார். சாரோடு மல்லுக்கட்டிப் பிரயோசனமில்லை என்று தெரிந்துகொண்ட ஆள், கட்சி மாறிவிட்டார். கடையின் பின்பக்கம் நான்கு சதுரம் சேர்த்துப் பதித்த ஒரு மேடை, மேலே மினுக்கம் இல்லை, மண்சட்டியின் வெளிப்புறம் மாதிரி கைக்குக் கொஞ்சம் சொரசொரப்பு. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அதன்மேல் தாராளமாக ஊற்றினார். "இப்ப நில்லுங்க." வடிவு பின்வாங்கினாள். ஈரத் தரையைக் கண்டால் அவள் பின்வாங்குவாள், மழைக்காலத்தில் பஸ் படிக்கட்டில்கூட. "பயப்படாம நில்லுங்க தங்கச்சி, விழுந்தியன்னா கடையையே எழுதித் தாரேன்." அபியை இறக்கிவிட்டு, சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்தாள். பிறகு இன்னொரு கால். குதிகாலை அழுத்தினாள். தேய்த்தாள். முன்னும் பின்னும் ஒரு அடி நடந்தாள், திரும்பினாள், ஆமாம், திரும்பினாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை நம்பிராஜன் பார்த்தான். மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த ஒருத்தி, துணிக்கடையில் சாயத்துக்குச் சண்டை போட்டவள், எங்கிருந்தோ வந்து அந்தத் தண்ணீருக்குள் நின்றாள். "ஏங்க, வழுக்கவே இல்லங்க." "ம்." "நீங்களும் நின்னு பாருங்க. அபி, நீயும் வா, அம்மா கையைப் பிடிச்சுக்கோ." அபி சளப்பென்று தண்ணீரில் குதித்தாள், வடிவு தடுக்கவில்லை. "இந்தத் தரை மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா" என்றாள். முடிக்கவில்லை. முடிக்காமலே கண் நிறைந்துவிட்டது, சிரித்துக்கொண்டே புறங்கையால் துடைத்தாள். இருந்திருந்தால். இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். அவன் சொல்லாமல் விட்டதற்கு மேல் அவள் ஒரு வீட்டையே கட்டிக்கொண்டிருக்கிறாள், தண்ணீருக்கு வழுக்காத ஒரு ஹால், இனிப் பயமில்லை என்று பிள்ளைகளை ஓட விடப்போகிறாள், சனிக்கிழமை வரும், வாரத்துக்கு ஒன்று வரும். எடுத்துவிடலாம். ஜெபசிங் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, அவள் சந்தோஷமாக இருக்கிறாள், அதைக் கெடுப்பானேன். எண்ணெய்க் குளியலை விட்டுவிட்டால் போகிறது. யாருக்கும் தெரியாமல் அதையும் விட்டுவிடலாம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் அதற்கொரு பொய். "எண்ணெய் இருக்கா?" என்றான்.

ஜெபசிங்குக்குப் புரியவில்லை. "என்ன சார்?" "எண்ணெய். எண்ணெய் ஊத்திப் பாக்கணும்." "ஹாலுக்குள்ள செக்கா போடப் போறிய?" என்று சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். கல்லாவுக்கு மேலே முதலாளி மாட்டியிருந்த சாமி படத்துக்கு விளக்கேற்றுகிற எண்ணெய்ப் புட்டி இருந்தது, அதைக் கொண்டுவந்தார். தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு நான்கைந்து சொட்டு விட்டார். நல்லெண்ணெய் வாசம் வந்தது. நம்பிராஜன் காலை வைத்து ஒரு அரைத் திருப்பம் திரும்பினான், வேண்டுமென்றேதான் திரும்பினான், கால் அவனை விட்டுத் தனியாகப் போனது, ஜெபசிங் தோளைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பான். "பாத்தியளா. எண்ணெய்க்கு எந்தத் தரையும் நிக்காது சார். நிக்கும்னு எவனாவது சொன்னா அவன் வியாபாரி, நம்பாதிய. இது மத்ததுக்குத் தேவலாம், அம்புட்டுதான்." வடிவு கேட்டாள், "நம்ம ஹால்ல எண்ணெய் எங்கேருந்து வரும்?" சாதாரணமாகத்தான் கேட்டாள். அவன் எண்ணெய்க் காலோடு நின்றுகொண்டு, அவளைப் பார்க்காமல், அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னைக்கு வந்துச்சுல்லா. சனிக்கிழமை. நான் எண்ணெய் தேச்சுட்டு மேட்ச் பாக்க ஹாலுக்கு வந்தேன். ரெண்டு ஓவர் நின்னேன். நீ துடைச்சது காஞ்சிருந்துச்சு வடிவு. அபி வழுக்கினது எண்ணெயில. மறுநாள் வந்து நாந்தான் சீயக்காய் போட்டுத் தேச்சேன்." எவ்வளவு சின்னது. மூன்று வருஷம் சுமந்தது ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. ஜெபசிங் புட்டியை மூடினார், மூடியை மறுபடி திறந்து மறுபடி மூடினார், "நான் பில் புக்கை எடுத்துட்டு வாரேன்" என்று நகர்ந்துகொண்டார். வடிவு அழுவாள் என்று நினைத்தான், அடிப்பாள் என்றுகூட நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும். அவள் முதலில் தன் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தாள், பிறகு முட்டியை, சேலைக்கு மேலே, தரையில் ஊன்றி ஊன்றிக் காய்ப்பு ஏறிய இடத்தைத் தடவினாள். "காஞ்சிருந்துச்சா" என்றாள். "ம்." "நல்லாக் காஞ்சிருந்துச்சா?" "ஆமா." "மூணு வருசம்" என்றாள். கொசுவத்தை உதறிவிட்டு, "அத்தைட்ட சொல்லுங்க" என்றாள். "வீட்டுக்குப் போயி..." "இப்பம். இங்கன வச்சே."

பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு நாற்பது அடி இருக்கும். செருப்பைப் போடவில்லை, ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு மாதிரி காலில் பட்டது, வழுவழு, சொரசொர, குளிர்ச்சி, ஒரு காலில் எண்ணெய் இருந்ததால் அந்தக் காலை மட்டும் பதித்துப் பதித்து வைத்தான். பின்னால் வடிவு வருகிறாள், அபியின் கையைப் பிடித்துக்கொண்டு. அம்மா என்ன சொல்வாள். பாவி என்பாள். என் பேத்தியைக் கொல்லப் பார்த்தியே என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். அதற்குத்தானே இத்தனை நாள் பயந்தது. "என்னலே, முடிஞ்சுதா? எதை எழுதின?" என்று அம்மா நிமிர்ந்தாள். குமரன் அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தான். அவன் சொன்னான். எண்ணெய், மேட்ச், சீயக்காய், ஒன்றையும் விடவில்லை, இந்தத் தடவை நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். குழாய் வாங்க வந்த குடும்பம் இருக்கிறதா என்று பக்கத்தில் ஒரு பார்வை பார்த்தாள். "சரி, அதுக்கு இப்ப என்ன? கடையில நின்னு பேசுத பேச்சா இது? எண்ணெய் தேச்ச ஆம்பளை நடந்தா நாலு சொட்டு விழத்தான் செய்யும். வீட்டைத் துடைக்கிற பொம்பளை, அவன் குளிக்கிற அன்னைக்கு ஒரு பார்வை பாத்துத் துடைச்சிருக்கக் கூடாதா?" அவ்வளவுதானா. திட்டு இல்லை, ஒப்பாரி இல்லை, ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. மூன்று வருஷமும் அவன் பயந்தது திட்டுக்கு என்றுதான் நினைத்திருந்தான். திட்டே வராது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும், உள்ளுக்குள் எங்கோ தெரிந்தேதான் இருந்திருக்கும், சொன்னாலும் அது சுற்றிக்கொண்டு வடிவின் தலையில்தான் போய் விழும் என்று. அப்படியானால் பயம் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. அதுவும் இல்லையென்றால் வேறென்ன இருந்தது, சும்மா இருந்தது சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். "அவ ஏன் பாக்கணும்?" என்றான். மைதானக் குரல் மறுபடி வந்துவிட்டது. "சிந்தினது நான், துடைக்க வேண்டியதும் நான். அவ மேல ஒரு தப்பும் கிடையாது. பால்காய்ப்புக்கு வர்ற அத்தனை பேருகிட்டயும் நான் இதைச் சொல்லத்தான் போறேன்." "மெதுவாப் பேசுலே, பிள்ளை முழிச்சிரும்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டாள், குமரனின் முதுகைத் தட்டுகிற கை நின்று நின்று தட்டியது.

நல்லதாகவோ கெட்டதாகவோ வடிவு ஏதாவது சொல்வாள் என்று அவன் நின்றுகொண்டே இருந்தான். வீட்டுக்குப் போய் என்ன நடக்கும், நாளைக்கு என்ன, அடுத்த வாரம் என்ன என்று மனசு ஓட ஆரம்பித்தது, ஓடித் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து நின்றது. அவள் அவனைத் தாண்டிக்கொண்டு போய், பில் புத்தகத்தைத் திறந்து வைத்து எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த ஜெபசிங்கின் மேஜைக்கு முன்னால் நின்றாள். "அண்ணே, அந்தச் சொரசொரப்புதான் ஹாலுக்கு. என்னென்ன கலர்ல இருக்கு?" ஜெபசிங்குக்கு உயிர் வந்தது. மூன்று துண்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார். "பிள்ளைங்க இருக்கிற வீடு தங்கச்சி, நீங்க இந்தக் காப்பிக்கொட்டைக் கலரை எடுங்க. எது சிந்தினாலும் கெடக்க எடம் தெரியாது." வடிவு அதை ஒதுக்கி வைத்தாள். "இந்த வெள்ளை?" "வெள்ளை நல்லாருக்கும், ஆனா வேலை வைக்கும். ஒரு சொட்டு விழுந்தாலும் நடு ஹால்ல நின்னு காட்டிக் குடுத்துரும்." "யாரு விட்ட சொட்டுன்னும் தெரியுமா?" ஜெபசிங் நம்பிராஜனைப் பார்த்தார். வடிவு திரும்பவில்லை.

"அதையே எழுதுங்க" என்றாள்.